உலோகச் சட்டங்களைச் செங்கோணமாக வெட்டுதல்: சாணைத் தட்டு வெட்டும் இயந்திரம்

பொக்ஸ் பார், கோண இரும்பு, பட்டை இரும்பு, குழாய் போன்ற மெல்லுருக்குச் சட்டங்களை அவற்றின் நீள அச்சுக்குச் செங்கோணமாக வெட்டுவதற்கு இயந்திரத்தைச் சரிசெய்தல், சட்டத்தைப் பொருத்துதல், வெட்டுதல், வெட்டைச் சோதித்தல் ஆகியன இவ்வலகில் விளக்கப்படுகின்றன. வெல்டிங் வேலைத்தளங்களில் ‘கட்டிங் மெஷின்’ என்று அழைக்கப்படும் இயந்திரமே இங்கு எடுத்துக்கொள்ளப்படுகின்றது. மேசை மீதோ நிலத்திலோ வைக்கப்படும் அடித்தட்டும், மோட்டருடனும் சுழலும் தட்டுடனும் மேலிருந்து கீழிறங்கும் தலைப்பகுதியும் இதன் பிரதான பகுதிகளாகும்.

எச்சரிக்கை: ஆசிரியரோ பயிற்றப்பட்ட போதனாசிரியரோ அருகில் நிற்காதபோது இவ்வியந்திரத்தை மாணவர்கள் இயக்கக்கூடாது. இவ்வலகை வாசித்தமை அதற்கான அனுமதியாகாது.

ஒரு பாகை வழு எவ்வளவு பெரியது?

750 மி.மீ. உயரமான ஒரு சிறு மேசையை 40 மி.மீ. சதுரப் பொக்ஸ் பாரினால் அமைப்பதாகக் கொள்வோம். காலின் மேல்முனை செங்கோணத்திலிருந்து 1 பாகை விலகி வெட்டப்பட்டுள்ளது. 1 பாகையின் தான்சன் பெறுமானம் ஏறத்தாழ 0.0175 ஆகும். எனவே 40 மி.மீ. அகலத்தில் ஏற்படும் வித்தியாசம்

40 × 0.0175 = 0.7 மி.மீ.

இது கண்ணுக்கு எளிதில் தென்படாது. ஆனால் அந்த முனையைச் சட்டகத்தின் அடிப்பக்கத்தில் முழுமையாகப் படியவைத்து ஒட்டினால் கால் முழுவதும் 1 பாகை சரிந்து நிற்கும். அப்போது பாதம் விலகும் தூரம்

750 × 0.0175 = 13.1 மி.மீ.

நான்கு கால்களும் நான்கு திசைகளில் 13 மி.மீ. விலகிய மேசையை என்ன நிறம் பூசினாலும் மறைக்க முடியாது. இடைவெளியை வெல்டிங்கினால் நிரப்பிவிடலாம் என்று சிலர் நினைப்பதுண்டு. நிரப்பிய உலோகம் குளிரும்போது சுருங்கும். சுருங்கும்போது சட்டத்தைத் தன் பக்கமாக இழுக்கும். இடைவெளி பெரிதாக இருக்கும் பக்கத்தில் அதிக உலோகம் நிரப்பப்படுவதால் இழுப்பும் அந்தப் பக்கத்திலேயே அதிகம். ஆகவே வெட்டில் ஏற்பட்ட வழு ஒட்டும்போது குறைவதில்லை, பெரும்பாலும் கூடுகின்றது.

தட்டு எவ்வாறு வெட்டுகின்றது?

கைவாளில் பற்கள் உண்டு. இத்தட்டில் பற்கள் இல்லை. கூரிய விளிம்புகளையுடைய கடினமான மணிகள், பிசின் ஒன்றினால் பிணைக்கப்பட்டு, கண்ணாடி நார் வலையினால் பலப்படுத்தப்பட்டு மெல்லிய தட்டாக ஆக்கப்பட்டுள்ளன. இரும்பு, உருக்கு ஆகியவற்றை வெட்டும் தட்டில் அலுமினியம் ஒட்சைட்டு மணிகள் இருக்கும். சிலிக்கன் காபைட்டு மணிகளுடைய தட்டுகள் கல், கொங்கிறீற்று போன்றவற்றுக்குரியவை. தட்டின் முகப்பில் ‘ஏ’ என்ற ஆங்கில எழுத்து இருப்பின் அது அலுமினியம் ஒட்சைட்டைக் குறிக்கும். அடுத்துள்ள 30 அல்லது 36 போன்ற எண் மணியின் பருமனைக் குறிக்கும். இறுதியில் வரும் ‘பி.எஃப்.’ என்ற எழுத்துகள் பிசினால் பிணைத்து நார் சேர்க்கப்பட்ட தட்டு என்பதைக் காட்டும்.

வேலைத்தளங்களில் பொதுவாகக் காணப்படும் தட்டின் விட்டம் 355 மி.மீ. (14 அங்குலம்), தடிப்பு ஏறத்தாழ 3 மி.மீ. ஆகும். சுமையின்றி ஓடும்போது மோட்டர் நிமிடத்துக்கு ஏறத்தாழ 3,800 சுற்றுகள் சுழலும். தட்டின் விளிம்பு வேகத்தைப் பின்வருமாறு கணிக்கலாம்.

பரிதி = 22/7 × 0.355 = 1.116 மீற்றர்
விளிம்பு வேகம் = 1.116 × 3,800 ÷ 60 = செக்கனுக்கு ஏறத்தாழ 71 மீற்றர்

இது மணிக்கு 250 கிலோமீற்றரிலும் கூடியது. இத்தகைய தட்டுகளில் செக்கனுக்கு 80 மீற்றர் என்ற உச்ச விளிம்பு வேகம் குறிக்கப்பட்டிருப்பதைக் காணலாம், 355 மி.மீ. விட்டத்துக்கு அது நிமிடத்துக்கு ஏறத்தாழ 4,300 சுற்றுகளுக்குச் சமனாகும்.

வெட்டும்போது மணியின் முனை மழுங்கும். மழுங்கிய மணியின் மீது விசை கூடியதும் அது உடைந்து அல்லது பிசினிலிருந்து விடுபட்டுப் போக, கீழிருந்து புதிய கூரிய மணி வெளிப்படும். தட்டு தானாகவே தீட்டப்படுவது இப்படித்தான். வெட்டும்போது தட்டின் விட்டம் குறைந்துகொண்டு போவதும் இதனாலேயே. 255 மி.மீ. வரை தேய்ந்த தட்டின் விளிம்பு வேகம் அதே சுழற்சியில் செக்கனுக்கு ஏறத்தாழ 51 மீற்றராகக் குறைந்துவிடும். பழைய தட்டு மெதுவாக வெட்டுவதற்குக் காரணம் இதுவே. மெதுவாக வெட்டுகிறதே என்று கைப்பிடியை அழுத்தத் தொடங்கும்போதுதான் வெட்டு வளையவும் தொடங்குகின்றது.

தட்டு வளையுமா என்று கேட்கலாம். மையத்தில் இரு விளிம்பு வளையங்களால் இறுக்கப்பட்ட பகுதிக்கு அப்பால், தட்டின் 100 மி.மீ.க்கு மேற்பட்ட பகுதி எவ்விதத் தாங்கலும் இன்றி நிற்கின்றது. அதன் தடிப்போ 3 மி.மீ. மட்டுமே. தன் தளத்தில் வரும் விசையை அது நன்றாகத் தாங்கும். பக்கவாட்டில் வரும் சிறு விசைக்கும் நெளிந்து கொடுக்கும்.

வெட்டு கோணலாவதற்கான காரணங்கள்

பரீட்சை விடைகளில் “இயந்திரம் பழுது” என்று ஒரே வரியில் எழுதிவிடுவதில் பயனில்லை. கோணல் எத்திசையில் ஏற்பட்டுள்ளது என்று முதலில் பிரித்தறிதல் வேண்டும்.

வெட்டிய சட்டத்தை இயந்திரத்தில் இருந்த நிலையிலேயே மேலிருந்து பாருங்கள். வெட்டு முன்பின்னாகச் சாய்ந்திருந்தால், சட்டம் சாய்ந்து நிற்கும் முட்டுப்பட்டை தட்டுக்குச் செங்கோணமாக இல்லை என்பது பொருள். இப்பட்டை இரண்டு போல்ட்டுகளால் அடித்தட்டில் பொருத்தப்பட்டிருக்கும். 45 பாகை வெட்டுக்காக அதைத் திருப்பி மீண்டும் 0 பாகைக் குறிக்குக் கொண்டுவரும்போது அது பழைய இடத்துக்கே சரியாக வந்து சேர்வதில்லை. அடித்தட்டில் வார்க்கப்பட்ட பாகைக் குறிகள் தடித்த கோடுகள். ஒரு கோட்டின் அகலமே அரைப் பாகையை விழுங்கிவிடும். அக்குறிகளை அண்ணளவான வழிகாட்டியாக மாத்திரம் கொள்க.

பக்கத்திலிருந்து பார்க்கும்போது வெட்டு மேல்கீழாகச் சாய்ந்திருந்தால் காரணங்கள் வேறு. சட்டம் அடித்தட்டில் கிடையாகப் படியவில்லை. அல்லது தட்டு அடித்தட்டுக்கு நிலைக்குத்தாக இறங்கவில்லை. 6 மீற்றர் நீளமான பாரின் ஒரு முனையை இயந்திரத்தில் வைத்து மறுமுனையை நிலத்தில் விட்டால், அது வைஸ் அருகே சற்று உயர்ந்து நிற்கும். அடித்தட்டில் குவிந்த இரும்புத் துகளும் இதையே செய்யும். 100 மி.மீ. இடைவெளியில் ஒரு பக்கத்தின் கீழ் 0.5 மி.மீ. துகள் அகப்பட்டால் ஏறத்தாழ 0.3 பாகை போய்விடும். ஒவ்வொரு துண்டுக்கும் முன்னர் தூரிகையால் துடைப்பது பலர் விட்டுவிடும் வேலை.

தலைப்பகுதி சுழலும் அச்சாணியில் ஏற்படும் தேய்வையும் கவனிக்க வேண்டும். மின்செருகியைக் கழற்றிய பின் கைப்பிடியைப் பிடித்துப் பக்கவாட்டில் மெதுவாக அசையுங்கள். ஆட்டம் தெரிந்தால், வேறு எதைச் சரிசெய்தாலும் வெட்டுக்கு வெட்டு வித்தியாசம் வரும். அச்சாணியை இறுக்குவது அல்லது அதன் புஷ்சை மாற்றுவது ஆசிரியரின் வேலை.

வெட்டு நேராகத் தொடங்கிப் பாதியில் வளைந்து போனால், அல்லது வெட்டு முகம் தட்டையாக இல்லாமல் குழிந்தோ புடைத்தோ இருந்தால், அது பொருத்தலின் வழு அன்று, தட்டு நெளிந்திருக்கின்றது. அதிக அழுத்தம், கைப்பிடியைப் பக்கமாகத் தள்ளுதல், ஒரு பக்கம் அதிகமாகத் தேய்ந்த தட்டு ஆகியவை இதற்குக் காரணங்கள். இயந்திரத்துக்கு ஒரு பக்கமாக நின்று வேலை செய்பவர் தம்மை அறியாமலேயே கைப்பிடியை மறுபக்கம் சாய்த்துவிடுவார். தோளும் கையும் தட்டின் தளத்துக்குச் சமாந்தரமாக அசையுமாறு நிற்க வேண்டும். அதேவேளை உடல் தட்டின் தளத்துக்கு நேரே இருக்கக்கூடாது. தட்டு உடைந்தால் துண்டுகள் பறப்பது அத்தளத்தில்தான்.

முட்டுப்பட்டையைச் செங்கோணமாக்குதல்

மின்செருகியைக் கழற்றுக. தலைப்பகுதியைக் கீழிறக்கி, பூட்டு ஊசி இருப்பின் அதனால் நிறுத்துக. மூலைமட்டத்தின் தடித்த பகுதியை முட்டுப்பட்டையோடு சேர்த்து, மெல்லிய அலகைத் தட்டின் தட்டையான முகத்தில் படியவைக்க வேண்டும். மையத்திலுள்ள கடதாசி வில்லையில் அலகு ஏறி நிற்கக்கூடாது. இரண்டுக்கும் இடையே வெளிச்சம் தெரிகின்றதா என அவதானிக்கவும்.

பின்னர் தட்டைக் கையால் அரைச் சுற்று திருப்பி மீண்டும் பாருங்கள். முதலில் படிந்த இடத்தில் இப்போது வெளிச்சம் தெரிந்தால் முட்டுப்பட்டையைத் தொடவேண்டாம்: தட்டு வளைந்துள்ளது, அல்லது விளிம்பு வளையங்களுக்கிடையே தூசு அகப்பட்டுள்ளது. அதைத் திருத்தாமல் செய்யும் எந்தச் சரிசெய்தலும் வீண்.

தட்டு சரியாயின், முட்டுப்பட்டையின் போல்ட்டுகளைச் சற்றுத் தளர்த்தி, பட்டையை மூலைமட்டத்துக்கு ஏற்ப நகர்த்தி, சுழலும் பக்கத்துப் போல்ட்டை முதலிலும் மற்றையதைப் பின்னரும் இறுக்குக. இறுக்கும்போது பட்டை சற்று நகர்வது வழக்கம். எனவே இறுக்கிய பின் மீண்டும் சோதிப்பது கட்டாயம். அகலமான சட்டத்துக்காகப் பட்டையைப் பின்னுள்ள துளைகளுக்கு மாற்றும்போதும் முழு வேலையையும் முதலிலிருந்து செய்ய வேண்டும்.

அடித்தட்டின் மீது மூலைமட்டத்தை நிறுத்தித் தட்டின் நிலைக்குத்தையும் இதேபோல் பார்க்கலாம். பெரும்பாலான இயந்திரங்களில் இதைச் சரிசெய்ய வசதி இல்லை. சிறு வழுவாயின், சட்டத்தின் கீழ் ஒரு பக்கத்தில் மெல்லிய தகட்டுத் துண்டு வைத்து ஈடுசெய்யலாம்.

தட்டின் முகம் கரடுமுரடானது. ஆகவே மூலைமட்டத்தினால் பெறும் செங்கோணம் ஓர் அண்ணளவுதான். இறுதி முடிவைச் சோதனை வெட்டே தரும்.

புரட்டிப் பார்க்கும் சோதனை

வேண்டாத பொக்ஸ் பார்த் துண்டொன்றை எடுத்து நடுவே வெட்டி, பிசிறுகளை அரத்தினால் நீக்குக. இரண்டு பாதிகளையும் தட்டையான மேசையில் வைத்து, வெட்டு முகங்களை ஒன்றோடொன்று சேர்த்தால் அவை எப்போதும் பொருந்தும். வெட்டு கோணலாயினும் பொருந்தும்; ஏனெனில் ஒன்றின் கோணல் மற்றதன் கோணலோடு இணைகின்றது. இதைப் பார்த்து “சரி” என்று எண்ணி ஏமாறக்கூடாது.

இனி ஒரு பாதியை மாத்திரம் அதன் நீள அச்சுப்பற்றி 180 பாகை புரட்டுக, அதாவது மேல்முகம் கீழே வரும்படி. மீண்டும் முகங்களைச் சேர்க்கவும். வெட்டு செங்கோணமாயின் இப்போதும் இடைவெளியின்றிப் பொருந்தும். கோணலாயின் ஆப்பு வடிவ இடைவெளி தோன்றும். இரு துண்டுகளின் வழுக்களும் கூடுவதால் இவ்விடைவெளி ஒரு துண்டின் வழுவைப்போல் இரு மடங்காகும். மேலிருந்து பார்க்கும்போது ஆப்பு தெரிந்தால் வழு முட்டுப்பட்டையில். பக்கத்திலிருந்து பார்க்கும்போது தெரிந்தால் வழு மேல்கீழ்ச் சாய்வில்.

இச்சோதனையின் சிறப்பு யாதெனில் இதற்குச் சரியான மூலைமட்டம் தேவையில்லை. நிலத்தில் விழுந்து கோணலான மூலைமட்டம் எத்தனையோ வேலைத்தளங்களில் உண்டு. புரட்டிப் பார்த்தல் வெட்டை அந்த வெட்டைக் கொண்டே சோதிக்கின்றது. தேவையானவை நேரான சட்டமும் தட்டையான மேசையும் மட்டுமே.

40 மி.மீ. பாரில், புரட்டிய பின் 1.4 மி.மீ. இடைவெளி இருந்தால்:

ஒரு துண்டின் வழு = 1.4 ÷ 2 = 0.7 மி.மீ.
தான்சன் = 0.7 ÷ 40 = 0.0175, எனவே கோண வழு 1 பாகை.

முட்டுப்பட்டை சுழலும் போல்ட்டிலிருந்து 200 மி.மீ. தூரத்திலுள்ள முனையை 200 × 0.0175 = 3.5 மி.மீ. நகர்த்த வேண்டும் என்பதும் இதிலிருந்தே கிடைக்கும். எத்திசையில் என்பதைப் பார்த்தே அறியலாம். திசை பிழைத்தால் அடுத்த சோதனை வெட்டில் ஆப்பு இரு மடங்காகும். அப்போது மறுபக்கம் நகர்த்துக.

எவ்வளவு வழுவை ஏற்கலாம்? பயிற்சிப் புத்தகத் தாள் ஒன்றின் தடிப்பு ஏறத்தாழ 0.1 மி.மீ. ஆகும். புரட்டிச் சேர்த்த முகங்களுக்கிடையே அத்தாள் நுழையாவிட்டால், 750 மி.மீ. காலின் பாதம் விலகுவது 1 மி.மீ.க்கும் குறைவு. பாடசாலை வேலைக்கு இது தாராளமாகப் போதும்.

சட்டத்தை வைக்கும் முறை

தட்டு ஒரே நேரத்தில் எவ்வளவு நீளமான உலோகத்தைத் தொடுகின்றதோ அவ்வளவுக்கு வெப்பமும் நெளிவும் கூடும். எனவே தொடும் நீளம் குறைவாகவும், வெட்டு முழுவதிலும் முடிந்தவரை மாறாமலும் இருக்குமாறு சட்டத்தை வைக்க வேண்டும். 50 மி.மீ. அகலமும் 6 மி.மீ. தடிப்பும் உள்ள பட்டை இரும்பைக் கிடையாக வைத்தால் தட்டு 50 மி.மீ. அகலத்தையும் ஒரே நேரத்தில் தேய்க்க நேரும். விளிம்பில் நிறுத்தி முட்டுப்பட்டையோடு சேர்த்து இறுக்கினால் 6 மி.மீ. மாத்திரமே.

கோண இரும்பை, கடையில் ‘அங்கிள்’ என்றே கேட்போம், கூரை போலக் கவிழ்த்து வைப்பது சிறந்தது. முனை மேலேயும் இரு பக்கங்களும் கீழ்நோக்கியும் இருக்கும்போது தட்டு இரண்டு பக்கங்களையும் சமமாக வெட்டிச் செல்லும். ஒரு பக்கம் கிடையாகவும் மறுபக்கம் நிலைக்குத்தாகவும் வைத்தால், நிலைக்குத்துப் பக்கத்தை எளிதாகக் கடந்த தட்டு கிடைப் பக்கத்தை அடைந்ததும் தடுமாறும். ஆயினும் கவிழ்த்து வைத்த கோண இரும்பை வைஸ் உறுதியாகப் பற்றவேண்டும். அது அசையுமாயின் வி வடிவத் தாங்கி ஒன்றைப் பயன்படுத்துக.

குறுகிய துண்டுகளில் வேறொரு சிக்கல் உண்டு. துண்டு வைஸ் தாடையின் ஒரு பாதியில் மாத்திரம் படும்போது, இறுக்க இறுக்கத் தாடை திரும்பி, துண்டையும் முட்டுப்பட்டையிலிருந்து விலக்கும். தாடையின் மறுபாதியில் அதே அளவான இன்னொரு துண்டை வைத்தால் தாடை நேராக நிற்கும். மெல்லிய சுவருடைய பொக்ஸ் பாரை அளவுக்கு மீறி இறுக்கி நசுக்கிவிடவும் கூடாது.

நீளமான பாரின் வெளிப்புறத்துக்கு அடித்தட்டின் மேற்பரப்போடு ஒரே மட்டத்தில் தாங்கி வைக்க வேண்டும். தாங்கி உயர்ந்துவிட்டால், வெட்டு முடியும் தறுவாயில் வெட்டுத்தடம் மூடித் தட்டைக் கவ்விப் பிடிக்கும். அதேபோல் வெட்டப்பட்டு விடுபடும் துண்டை ஒருபோதும் இறுக்கவோ, அதன் முனையில் முட்டுக்கட்டை வைக்கவோ கூடாது. பல துண்டுகளை ஒரே நீளத்துக்கு வெட்ட உதவும் முட்டுக்கட்டை வைஸ் பற்றியிருக்கும் பக்கத்திலேயே இருத்தல் வேண்டும்.

வெட்டுதல்

மோட்டர் முழு வேகத்தை அடைந்த பின்னரே தட்டைச் சட்டத்தில் தொடவிடவும். முதலில் மிக மெதுவாகத் தொட்டு, ஓர் ஆழமற்ற தடம் விழும்வரை பொறுத்திருக்க வேண்டும். வளைந்த குழாயிலும் கவிழ்த்த கோண இரும்பிலும் இது இரட்டிப்பு முக்கியம். வழுக்கித் தொடங்கிய தட்டு அந்த வழுக்கலையே கடைசிவரை பின்பற்றும். தடம் விழுந்த பின் சீரான அழுத்தம் கொடுக்கலாம். மோட்டரின் ஓசை தாழ்ந்தால் அழுத்தம் அதிகம். ஓசை தாழாமலும் தீப்பொறி குறைந்தும் வெட்டு முன்னேறாமலும் இருந்தால் அழுத்தம் போதாது: மழுங்கிய மணிகள் உதிராமல் தட்டு மினுங்கிப்போய், வெட்டாமல் சூடாக்குகின்றது. வெட்டு முனை நீல நிறமாவது அது ஏறத்தாழ 300 பாகை செல்சியசு அளவுக்குச் சூடாகியதன் அடையாளம்.

அதாவது பயந்து மெதுவாக வெட்டுவதும் பிழை, அவசரப்பட்டு அழுத்துவதும் பிழை. காதுதான் இங்கு அளவுகோல்.

நீண்ட இணைப்பு வயரைச் சுருளிலேயே விட்டுப் பயன்படுத்தினால் வயர் சூடாகும்; மெல்லிய நீண்ட வயரில் வோல்ற்றளவு இறங்கி மோட்டரும் வேகம் குறையும். 2,000 வாற்று இயந்திரம் 230 வோல்ற்றில் 8.7 அம்பியர் எடுக்கும் என்பதை நினைவிற் கொள்க.

அளவும் வெட்டுத்தடமும்

தட்டின் தடிப்புக்குச் சமமான உலோகம் தூளாகிப் போகின்றது. வரையூசியால் இட்ட கோட்டின் எப்பக்கம் வெட்டுவது என்பதை முன்னரே தீர்மானித்து, தட்டு கோட்டின் கழிவுப் பக்கத்தில் இறங்குமாறு வைக்க வேண்டும். கழிவுப் பக்கத்தில் ஒரு பெருக்கல் அடையாளம் இடும் வழக்கம் நல்லது. சட்டத்தின் ஒரு முகத்தில் மாத்திரமன்றி மூலைமட்டத்தைக் கொண்டு அடுத்த முகத்திலும் கோட்டைத் தொடர்ந்தால், வெட்டும்போதே விலகலைக் காணலாம்.

6 மீற்றர் பாரில் 750 மி.மீ. துண்டுகள் எத்தனை பெறலாம்? 6,000 ÷ 750 = 8 என்று எழுதுவோர் பலர். எட்டுத் துண்டுகளுக்கு ஏழு வெட்டுகள் தேவை. 7 × 3 = 21 மி.மீ. தூளாகும். எனவே கிடைப்பவை சரியான துண்டுகள் 7, மீதி 729 மி.மீ. நீளமான துண்டு ஒன்று. எட்டுக் கால்கள் தேவைப்படும் வேலைக்கு ஒரு பார் போதுமென்று வாங்கினால் கடைசிக் கால் 21 மி.மீ. குட்டையாகும்.

45 பாகை மூலைச் சட்டகத்தில் வழுக்கள் ஒன்றின்மேல் ஒன்றாகச் சேரும். நான்கு மூலைகளுக்கு எட்டு வெட்டுகள். எட்டு வெட்டுக் கோணங்களினதும் கூட்டுத்தொகை 360 பாகையாதல் வேண்டும். ஒவ்வொன்றும் 44.5 பாகையாயின் கூட்டுத்தொகை 356. மூன்று மூலைகளை இறுக்கமாகச் சேர்த்தால் நான்காவது மூலையில் 4 பாகை வாய் பிளந்து நிற்கும்.

பாதுகாப்பு

மற்றெந்த வழுவையும் இன்னொரு துண்டு இரும்பால் திருத்தலாம். உடைந்த தட்டினால் வரும் காயத்தை அப்படித் திருத்த முடியாது. தட்டைப் பொருத்துமுன் அதில் குறிக்கப்பட்ட உச்சச் சுழற்சி இயந்திரத்தின் சுழற்சியிலும் கூடியதா என்று பாருங்கள். பிசின் தட்டுகள் ஈரத்தினாலும் காலத்தினாலும் பலமிழக்கும். மையத்துளையைச் சுற்றியுள்ள உலோக வளையத்தில் காலாவதித் திகதி பொறிக்கப்பட்டிருக்கும். காலாவதியான தட்டு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். மேசைச் சாணைச் சில்லைத் தட்டி ஓசை கேட்டுச் சோதிக்கும் முறையைப் படித்திருப்பீர்கள். அது மண் பிணைப்புடைய சில்லுகளுக்கே நன்கு பொருந்தும். பிசின் தட்டு தெளிவான ஓசை தராது. இங்கு வெடிப்பு, விளிம்புச் சிதைவு, நெளிவு ஆகியவற்றைக் கண்ணால் தேட வேண்டும்.

புதிய தட்டைப் பொருத்தியதும் காப்புறை மூடிய நிலையில், எவரும் தட்டின் தளத்தில் நில்லாதவாறு, ஒரு நிமிடம் வெறுமனே ஓடவிடவும். தட்டின் பக்க முகத்தில் பிசிறு தேய்ப்பது கடுமையாகத் தவிர்க்கப்பட வேண்டியது. மெல்லிய தட்டு பக்க விசைக்கு உடையும். பற்களுடைய வாள் தட்டை இவ்வியந்திரத்தில் பொருத்தவே கூடாது. உலோகம் வெட்டும் பல்வாள் இயந்திரங்கள் நிமிடத்துக்கு ஏறத்தாழ 1,300 சுற்றுகளில் ஓடுபவை. இதன் வேகம் அதைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு.

கண் கவசமும் முகக் கவசமும் காது மூடியும் அணிக. கழுத்துப்பட்டி, தொங்கும் சட்டைக் கை, அவிழ்ந்த கூந்தல் ஆகியவற்றுடன் அருகில் செல்லக்கூடாது. தீப்பொறிகள் பின்புறமாகப் பல மீற்றர் தூரம் பாயும். அத்திசையில் தின்னர், பெற்றோல், எண்ணெய்த் துணி இருக்கக்கூடாது. நாகப் பூச்சுடைய குழாய்களை வெட்டும்போது எழும் புகை தீங்கானது. திறந்த வெளியில் வெட்டுக. அலுமினியச் சட்டங்கள் தட்டின் மணிகளுக்கிடையே அடைத்துக்கொள்ளும். அவற்றை இதில் வெட்டுவதில்லை. வெட்டு முடிந்ததும் ஆளியை விட்டு, தலைப்பகுதியை உயர்த்தி, தட்டு முற்றாக நின்ற பின்னரே வைஸைத் திறக்கவும்.

மாதிரி வினாக்களும் விடைக் குறிப்புகளும்

1. மாணவன் ஒருவன் வெட்டிய இரு துண்டுகளின் வெட்டு முகங்களைச் சேர்த்தபோது அவை இடைவெளியின்றிப் பொருந்தின. வெட்டு செங்கோணமானது என்று அவன் முடிவு செய்தான். இம்முடிவு ஏற்கத்தக்கதா?

ஏற்கத்தக்கதன்று. ஒரே வெட்டில் உண்டான இரு முகங்களும் எக்கோணத்திலும் ஒன்றோடொன்று பொருந்தும். ஒரு துண்டை நீள அச்சுப்பற்றி 180 பாகை புரட்டிய பின்னர் பொருந்தினாலே செங்கோணம் எனலாம்.

2. 50 மி.மீ. பொக்ஸ் பாரில் புரட்டிச் சோதித்தபோது பக்கத்திலிருந்து பார்க்கையில் 0.9 மி.மீ. ஆப்பு இடைவெளி காணப்பட்டது. வழுவின் அளவையும் சாத்தியமான இரு காரணங்களையும் தருக.

ஒரு துண்டின் வழு 0.45 மி.மீ.; தான்சன் 0.45 ÷ 50 = 0.009, கோண வழு ஏறத்தாழ அரைப் பாகை. பக்கத்திலிருந்து தெரிவதால் முட்டுப்பட்டை காரணமன்று. சட்டத்தின் வெளிமுனை சரியான மட்டத்தில் தாங்கப்படாமை, அடித்தட்டில் துகள் அகப்பட்டமை, தட்டு நிலைக்குத்தாக இறங்காமை ஆகியவற்றுள் ஏதேனும் இரண்டு.

3. 600 மி.மீ. × 450 மி.மீ. வெளியளவுள்ள செவ்வகச் சட்டகமொன்றை ஒட்டுவதற்கு முன் அது செங்கோணமாக உள்ளதா எனச் சோதிக்க அளவுநாடா மாத்திரமே உள்ளது. எவ்வாறு சோதிப்பீர்?

இரு மூலைவிட்டங்களையும் அளத்தல். பைதகரசின் தேற்றப்படி ஒவ்வொன்றும் 750 மி.மீ. ஆதல் வேண்டும். ஒன்று கூடியும் மற்றையது குறைந்தும் இருப்பின், நீண்ட மூலைவிட்டத்தின் முனைகளை ஒன்றையொன்று நோக்கி அழுத்திச் சமப்படுத்துதல். சமப்படுத்தியதும் மூலைகளில் இடைவெளி தோன்றினால் வழு வெட்டிலேயே உள்ளது. அத்துண்டை மீண்டும் வெட்ட வேண்டும்.

4. பாதி தேய்ந்த தட்டினால் வெட்டும்போது வெட்டு முகம் வளைந்து காணப்பட்டது. தட்டை மாற்றியதும் வழு நீங்கியது. விளக்குக.

விட்டம் குறைய, அதே சுழற்சியில் விளிம்பு வேகம் குறைந்து வெட்டும் வீதமும் குறைந்தது. அதை ஈடுசெய்யக் கைப்பிடியை அதிகம் அழுத்தியதால் மெல்லிய தட்டு பக்கமாக நெளிந்தது. புதிய தட்டில் விளிம்பு வேகம் கூடியதால் குறைந்த அழுத்தமே போதுமாயிற்று.